பழைய ஃபெண்டர் ஹம்பக்கரின் போல் ஸ்க்ரூ எங்கேயாவது கிடைக்குமா?

களியக்காவிளைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறவன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

எங்கள் சித்தப்பா பஹ்ரைனில் 20 வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தார். கல்ஃபிலிருந்து வருகிறவர்கள் டேப் ரெக்கார்டரும் கோடாலித் தைலமும் கொண்டுவந்த காலத்தில் அவர் ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓட்டலில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர் ஊர் திரும்பும்போது விற்றதாம். 70-களின் ஃபெண்டர் டெலிகாஸ்டர் கஸ்டம். பாலத்துப் பக்கம் சாதாரண டெலி பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வைப் பிடிக்கிற காந்தமும் கம்பிச் சுருளும்), கழுத்துப் பக்கம் தீப்பெட்டியை நீட்டி வைத்த மாதிரி ஒரு பெரிய ஹம்பக்கர், அதாவது இரண்டு காயில் உள்ள பிக்கப். எங்கள் சபைப் பாடகர் குழுவில் அவர் வாசித்து, இப்போது நான் வாசிக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு ஸ்விட்ச் கரகர என்றது. நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். ஸ்விட்ச் சரியாகி வந்தது, ஆனால் அன்றிலிருந்து கழுத்துப் பிக்கப்பில் ஜி, டி இரண்டு ஸ்ட்ரிங்கும் மட்டும் மங்கல். கை பழக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன். இந்த ஆடி மழையில் பிக்கப் முழுதுமே போய்விட்டது. சத்தம் வருகிறது, ஆனால் தகர டப்பாவுக்குள் இருந்து யாரோ பேசுகிற மாதிரி.

உற்றுப் பார்த்தால் மேலே ஸ்ட்ரிங்குகளுக்குக் கீழே தெரிகிற ஆறு போல் ஸ்க்ரூவில் இரண்டு வேறு மாதிரி. துரு ஏறியிருக்கிறது, பிளவும் ஆழமாக இருக்கிறது. எனக்கு அந்த இரண்டு ஸ்க்ரூ வேண்டும், அல்லது முழுப் பிக்கப். வெளிநாட்டு ஏலத் தளத்தில் பழைய பிக்கப் ஒன்று பார்த்தேன். என் ஆம்பை விற்றாலும் வராது, சுங்கம் தனி. மார்த்தாண்டத்தில் லேத்துப் பட்டறையில் காட்டினேன். "இது என்ன பெரிய விஷயம், இரும்பிலே கடைஞ்சு தாறேன், நாளைக்கு வா" என்கிறார். கொடுக்கலாமா?

சாலைக் கம்போளம்

கொடுக்காதீர்கள். முதலில் அந்த இரண்டையும் கழற்றி, நல்ல ஸ்க்ரூ ஒன்றையும் கழற்றுங்கள். மூன்றிலும் ஒரு குண்டூசியை வைத்துப் பாருங்கள். ஒட்டுகிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

ஒரிஜினல் மட்டும்

தம்பி, உங்களிடம் இருப்பது என்னவென்று தெரிந்து பேச வேண்டும். அது வைட் ரேஞ்ச் ஹம்பக்கர். வடிவமைத்தவர் சேத் லவர். கிப்சனில் இருந்தபோது 1955-இல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டவர் இவர்தான். "காப்புரிமை கோரப்பட்டுள்ளது" என்ற ஸ்டிக்கர் ஒட்டிய பி.ஏ.எஃப் பிக்கப்புக்கு இன்று இருக்கிற விலை உங்களுக்கே தெரியும். 1967-இல் அவர் ஃபெண்டருக்குப் போனார். அங்கே செய்ததுதான் இது.

கிப்சன் ஹம்பக்கரில் காந்தம் அடியில் ஒரே பட்டையாகப் படுத்திருக்கும், மேலே தெரியும் ஸ்க்ரூ வெறும் இரும்பு, பட்டையின் காந்தத்தை ஸ்ட்ரிங் வரைக்கும் கொண்டுபோவது மட்டுமே அதன் வேலை. உங்களுடையதில் அந்தப் பட்டையே கிடையாது. ஸ்க்ரூவேதான் காந்தம். மொத்தம் 12. ஒவ்வொரு காயிலிலும் ஆறு, அதில் மூன்று தலை மேலே, மூன்று தலை கீழே. அதனால்தான் மேலே ஆறு மட்டும் தெரிகிறது.

ஃபெண்டருக்குத் தன் பழைய ஒற்றைக் காயிலைப் போல ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் தனிக் காந்தம் வேண்டும், உயரமும் கூட்டிக் குறைக்க வேண்டும். அல்னிகோவில் மரை போட முடியாது, உடையும். அதனால் கியூனிஃபி என்ற உலோகத்தை எடுத்தார்கள். செம்பு, நிக்கல், இரும்பு மூன்றின் வேதியியல் குறிகளைச் சேர்த்து வைத்த பேர். ஏறக்குறைய 60 பங்கு செம்பு, 20 நிக்கல், 20 இரும்பு. செம்பு அவ்வளவு இருப்பதால் கடையலாம், இழுக்கலாம், மரை போடலாம். வண்டிகளின் மீட்டர்களுக்கும் இதைத்தான் வாங்கினார்கள். அவர்கள் வேறு காந்தத்துக்குப் போனதும் உருக்குவதற்கு ஆள் இல்லை. கிட்டாருக்காக மட்டும் யார் உலை மூட்டுவார்?

பின்னால் ஃபெண்டர் இதே பேரில் விட்ட மறுபதிப்புகளை நம்பி வாங்கிவிடாதீர்கள். பெரிய மூடிக்குள் சாதாரண ஹம்பக்கர், பட்டைக் காந்தம். 2022-இல் அமெரிக்கன் விண்டேஜ் 2 வரிசையில் வந்த 1972 தின்லைன், 1975 டீலக்ஸ், 1977 கஸ்டம் டெலிகாஸ்டர்களில் இருப்பது உண்மையான கியூனிஃபி. காசு இருந்தால் அந்த வகைப் புதுப் பிக்கப்பை மாட்டிவிட்டு, பழையதைத் தொடாமல் டப்பாவில் வையுங்கள். ஒரு காலத்தில் விற்கும்போது பயன்படும்.

களியக்காவிளைக்காரன்

நல்ல ஸ்க்ரூ குண்டூசியைப் பிடித்துக்கொண்டே தொங்கவிடுகிறது. மற்ற இரண்டிலும் ஒட்டவே இல்லை.

அப்படியானால் மூன்று வருடமாக நான் ஒரு வன்பொருள் கடை ஸ்க்ரூவை வைத்து வாசித்திருக்கிறேன். "உனக்கு ஜி ஸ்ட்ரிங்கில் கை அழுத்தம் பத்தல" என்று சித்தப்பா வேறு திட்டிக்கொண்டிருந்தார்.

ஒரிஜினல் அண்ணே, விற்கிற எண்ணம் இல்லை. சித்தப்பா இருக்கும்போதே அது நடக்காது.

தேங்காப்பட்டணம் பாஸ்

மக்கா, அந்த இரண்டு ஸ்ட்ரிங்கும் முழு ஊமையாகாமல் மங்கலாக மட்டும் கேட்டதற்குக் காரணம், ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் கீழே இரண்டு காயிலிலும் ஒவ்வொன்றாக இரண்டு ஸ்க்ரூ இருக்கிறது. ஒன்று செத்தாலும் மற்றது வேலை செய்யும்.

எளிய வழி: இரும்பு ஸ்க்ரூவே இருக்கட்டும், அடியில் சின்ன நியோடைமியம் காந்தம் ஒட்டிவிடு. பத்து ரூபாய் சமாச்சாரம்.

காயில் செத்திருந்தால் நீயே சுற்றிக்கொள்ளாதே. என் கதை கேள். என் பாஸ் கிட்டாரின் பிக்கப் போனபோது இணையத்தில் படித்தேன், 42 நம்பர் கம்பி என்று போட்டிருந்தது. நாகர்கோவிலில் மோட்டார் வைண்டிங் கம்பி விற்கிற இடத்தில் போய் 42 என்று கேட்டேன். கொடுத்தார்கள், கால் கிலோ. பழைய காயிலை பிளேடால் வெட்டி எறிந்தேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து சுற்றினேன். 3,000 சுற்றிலேயே பாபின் (கம்பி சுற்றுகிற சட்டம்) பிதுங்கிவிட்டது. மீட்டரில் தடை 1 கே, அதாவது 1 கிலோ ஓம் காட்டியது. 7 கே வர வேண்டியது. மாட்டி வாசித்தால் கொசு பாடுகிற மாதிரி இருந்தது. இன்றுவரை எங்கே தப்பு என்று தெரியவில்லை.

சாலைக் கம்போளம்

எங்கே தப்பு என்று நான் சொல்கிறேன். எங்கள் குடும்பத்துக்குத் திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைவீதியில் மூன்று தலைமுறையாகக் கம்பி வியாபாரம். மாதத்துக்கு ஒருவராவது இதே தப்போடு வருவார்.

கிட்டார் உலகத்தில் 42 என்றால் அமெரிக்கக் கணக்கு, ஏ.டபிள்யூ.ஜி. கம்பியின் தடிமன் 0.063 மில்லிமீட்டர். நம் ஊரில் வைண்டிங் கடைக்காரன் பேசுவது இங்கிலாந்துக் கணக்கு, எஸ்.டபிள்யூ.ஜி. அதில் 42 என்றால் 0.1 மில்லிமீட்டர். கடைக்காரன் ஏமாற்றவில்லை, கேட்டதைத்தான் கொடுத்தான். ஒன்றரை மடங்குக்கும் மேல் தடிமன் என்றால் குறுக்குவெட்டில் இரண்டரை மடங்கு. இடம் சீக்கிரம் நிறையும், சுற்று குறையும், சுற்றின கம்பியிலும் தடை குறையும். உங்கள் 1 கே அப்படி வந்ததுதான்.

நம் கடையில் கேட்க வேண்டியது 46. அது 0.061, கிட்டத்தட்ட அதேதான். அமெரிக்க 43-க்கு நம் கணக்கில் சரியான ஜோடி கிடையாது, 46-க்கும் 47-க்கும் நடுவில் விழும். நம்பரே சொல்லாமல் மில்லிமீட்டரில் கேட்பதுதான் புத்திசாலித்தனம். மோட்டார் வைண்டிங் கடையில் இவ்வளவு மெல்லியது வைத்திருக்க மாட்டார்கள். ஃபேன் மோட்டாருக்கே அவர்களுக்கு 36-க்கு மேல் போக வேண்டியதில்லை. ரிலே காயில், மீட்டர் காயில் சுற்றுகிறவர்களிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெரு.

கால் கிலோவும் வேண்டாம். 6 கே உள்ள ஒரு பிக்கப்பில் ஏறக்குறைய 1,100 மீட்டர் கம்பி இருக்கும். இங்கிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை இழுக்கலாம், ஆனால் எடை 30 கிராம்தான்.

களியக்காவிளைத் தம்பிக்கு: இதெல்லாம் உங்களுக்கு இப்போது வேண்டாம். எதையும் வெட்டாதீர்கள். பழைய காயில் செத்துவிட்டது என்று கொண்டுவருகிற பத்தில் பாதிக்கு மேல் கம்பி நடுவில் அறுந்ததில்லை, முனையில் விட்டிருக்கும். உப்புக்காற்று ஊர் நமக்கு. டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரி என்கிறீர்களே, அது காயில் எங்கோ திறந்துகிடக்கிறதற்கான அறிகுறி. அறுந்த இடத்தைத் தாண்டி உச்சச் சத்தம் மட்டும் கசிந்து வருகிறது. மல்டிமீட்டரை 20 கே-யில் வைத்து இரண்டு காயிலையும் தனித்தனியாக அளந்து சொல்லுங்கள்.

ஒரிஜினல் மட்டும்

நியோடைமியம் என்று சொன்னவரிடம் சண்டை போட எனக்கு நேரமில்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். கியூனிஃபி வலுக்குறைந்த காந்தம். பக்கத்தில் நியோடைமியத்தைக் கொண்டுபோனால் நல்லதாக இருக்கிற பத்தின் காந்தமும் இறங்கும், திசைகூட மாறும். இரண்டு ஸ்க்ரூவைக் காப்பாற்றப் போய் பத்தை இழப்பீர்கள். தவிர, ஸ்ட்ரிங்கையே கீழே இழுத்து சுருதி ஆடும்.

தேங்காப்பட்டணம் பாஸ்

46! அட கடவுளே. ஐந்து வருடம்!

அண்ணாச்சி, நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?

சாலைக் கம்போளம்

கடையில்தான்.

தறிச்சத்தம்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பாலராமபுரம், தறிக் குடும்பம். மேலே சொன்ன காயில் சுற்றுகிற விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. பிற்பாடு யாருக்காவது உதவும்.

நான் மூன்று பிக்கப் சுற்றியிருக்கிறேன், எங்கள் வீட்டுத் தார் சுற்றுகிற ராட்டையில். ஊடை நூலுக்குக் குழலில் தார் சுற்றும் அதே சாமான். கதிரில் குழலுக்குப் பதிலாக ஒரு மரக்கட்டையைச் செருகி அதில் பாபினை இரட்டைப் பசை டேப்பால் ஒட்டினேன். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால் கதிர் பல சுற்று ஓடும், அதனால் சக்கரத்தை எண்ணிப் பயனில்லை, கதிரை எண்ண வேண்டும். அதற்குப் பழைய கால்குலேட்டர். சமன் பொத்தானின் அடியில் இரண்டு கம்பி பற்றவைத்து காந்தம் பக்கத்தில் வந்தால் சேருகிற ஒரு ரீட் ஸ்விட்சுக்குக் கொண்டுபோய், கதிர்முனையில் ஒரு காந்தத்துண்டு. 1 கூட்டல் 1 என்று போட்டு விட்டால் கதிர் சுற்றும் ஒவ்வொரு முறையும் ஒன்று ஏறும். வேகமாக ஓட்டினால் கால்குலேட்டர் முழிக்கும், மெதுவாகத்தான் போக வேண்டும்.

கம்பியை விரலில் பிடிக்கிற பிடிதான் எல்லாம். எங்கள் அம்மா வந்து பார்த்துவிட்டு, "நூலை இழுக்காதே, அது போற போக்கில் போகட்டும், நீ சும்மா தொட்டுக்கிட்டு இரு" என்றார். அதுவரை எனக்கு ஒவ்வொரு முறையும் 2,000 சுற்றுக்குள் அறுந்துகொண்டிருந்தது.

களியக்காவிளைக்காரன்

அளந்தேன். ஒரு காயில் 5.2 கே. இன்னொன்றில் மீட்டர் இடது ஓரத்தில் ஒற்றை 1 மட்டும் காட்டி நின்றுவிட்டது. இரண்டும் வரிசையாக இணைந்தவை என்பதால் ஒன்று போனால் இரண்டும் போச்சு, சரிதானே?

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து திறக்கிறேன். கை நடுங்குகிறது.

சாலைக் கம்போளம்

சரிதான். மூடியின் ஓரம் அடித்தட்டோடு ஈயப்பற்று வைத்திருக்கும். ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கழற்றுங்கள், நெம்பாதீர்கள். ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டி வந்தால் எது எந்தக் குழியில், தலை மேலா கீழா என்று பேப்பரில் வரைந்து அதன் மேலேயே வையுங்கள். தலைகீழாகப் போட்டால் வட துருவம் தென் துருவமாகிவிடும். அந்தக் கடையில் அதுகூடக் கவனிக்காமல்தான் தொலைத்திருப்பார்கள்.

களியக்காவிளைக்காரன்

திறந்தாயிற்று. படம் மங்கலாக இருந்தால் மன்னிக்கவும், சித்தப்பாதான் டார்ச் பிடித்தார்.

காயிலைச் சுற்றி ஒட்டியிருந்த டேப் தொட்டதும் காய்ந்த வாழைச் சருகு மாதிரி உதிர்ந்தது. உள்ளே கம்பி கருஞ்சிவப்பாக, பட்டுப் புடவை ஓரம் போலப் பளபளவென்று இருந்தது. செத்த காயிலில் வெளிமுனை தடித்த வயரோடு சேருகிற இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு பச்சைக் களிம்பு. பல்குத்துகிற குச்சியால் தொட்டேன், களிம்பு தூளாக விழுந்தது, கம்பியும் அதோடு போனது. மீதி முனை காயிலின் மேலேயே மீசை மாதிரி சுருண்டு நின்றது.

அந்த முனையைப் பிடித்து நான்கு சுற்று மட்டும் அவிழ்த்தேன். மூச்சு விட்டால் பறக்கிறது. 1000 நம்பர் உப்புத்தாளை மடித்து அதற்குள் கம்பியை வைத்து இரண்டு முறை மெல்ல இழுத்தேன், நிறம் மாறிச் செம்பு தெரிந்தது. மீட்டர் வைத்தேன்.

5.1 கே.

சித்தப்பா மீட்டரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "டீ குடிக்கியா" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

தேங்காப்பட்டணம் பாஸ்

நான் அன்றைக்கு பிளேடால் வெட்டினேனே, அதுவும் இப்படித்தான் இருந்திருக்குமோ? வேண்டாம், பதில் சொல்லாதீர்கள்.

சாலைக் கம்போளம்

பற்று வைக்கும்போது ஒரு குறிப்பு. இப்போது வருகிற மெல்லிய கம்பிகளில் பாதிக்கு பாலியூரித்தேன் பூச்சு, சூட்டிலேயே விலகிவிடும், சுரண்ட வேண்டாம். உங்களுடையது பழைய எனாமல், சுரண்டாமல் ஈயம் பிடிக்காது. சுரண்டியதைத் தடித்த வயரில் மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு துளி ஈயம், அயர்னை உடனே எடுத்துவிடுங்கள். பற்றின மேல் ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்கத் தடவுகிற பசை) மிச்சம் இருந்தால் ஸ்பிரிட்டால் துடையுங்கள். அதை விட்டுவைத்தால் இன்னும் பத்து வருடத்தில் அதே பச்சை திரும்ப வரும்.

அப்புறம் மெழுகு. காற்று புகாமல் இருக்கவும், சத்தம் கூட்டினால் கீச்சிடாமல் இருக்கவும் பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. தேன்மெழுகுக்கு நீங்கள் அலைய வேண்டாம், மார்த்தாண்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நேரே அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம். 65 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, பாபின் பிளாஸ்டிக் வளையும்.

களியக்காவிளைக்காரன்

தேன்மெழுகு கிடைத்தது. தேனீப் பெட்டி வைத்திருக்கிற எங்கள் சபைக்காரர் ஒருவர் ஒரு உருண்டை சும்மா கொடுத்தார். எதற்கு என்று கேட்டார், கிட்டாருக்கு என்றேன், வேறு எதுவும் கேட்கவில்லை.

காயில் வேலை முடிந்தது, மொத்தம் 10.3 கே. மிச்சம் அந்த இரண்டு ஸ்க்ரூதான்.

ஒரிஜினல் மட்டும்

முதலில் கோபமாக எழுதிவிட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம். வேலை சுத்தமாகச் செய்திருக்கிறீர்கள்.

ஸ்க்ரூவுக்கு என் யோசனை. நியோடைமியம் வேண்டாம், ஃபெரைட். பழைய அலமாரிக் கதவைப் பிடித்து நிறுத்துகிற காந்தக் கட்டைக்குள் கறுப்பாக ஒரு துண்டு இருக்கும், அதுதான். குறட்டால் நெருக்கினால் உடையும். உளுந்து அளவுக்கு ஒரு சில்லு எடுத்து இரும்பு ஸ்க்ரூவின் அடிமுனையில் ஒட்டவையுங்கள். ஒரு திசைகாட்டியை அதே காயிலின் நல்ல ஸ்க்ரூவின் தலைமேல் பிடித்து எந்த முனை இழுபடுகிறது என்று பாருங்கள். இரும்பு ஸ்க்ரூவின் தலைமேலும் அதே முனை இழுபட வேண்டும். மாறி வந்தால் சில்லைப் புரட்டி ஒட்டுங்கள்.

இது கியூனிஃபி ஆகாது. ஆனால் எதையும் கெடுக்காது. உண்மையான ஸ்க்ரூ எப்போதாவது கிடைத்தால் கழற்றி மாற்றலாம். உடைந்த வைட் ரேஞ்ச் ஒன்று யாரிடமாவது வந்தால் நானே சொல்கிறேன், எனக்கும் ஒன்று வேண்டும்.

களியக்காவிளைக்காரன்

ஒட்டியாயிற்று. டி ஸ்ட்ரிங்குக்கு முதலிலேயே சரியாக விழுந்தது. ஜி-க்குத் திசை மாறி வந்து புரட்டினேன். ஜி இப்போது மற்றதை விடக் கொஞ்சம் கூர்மையாகக் கேட்கிறது, ஸ்க்ரூவை அரைச் சுற்று இறக்கியதும் அடங்கியது. கண்ணை மூடிக் கேட்டால் எனக்கு வித்தியாசம் தெரிகிறது. சித்தப்பாவுக்குத் தெரியவில்லை என்கிறார், அல்லது தெரியாத மாதிரி இருக்கிறார்.

ஒரு விஷயம் மட்டும் ஒப்புக்கொண்டார். "அப்போ உன் கை அழுத்தம் இல்லை போல."

தேங்காப்பட்டணம் பாஸ்

கேரல் ரவுண்டுக்கு வருகிறேன், கேட்க வேண்டும்.

அண்ணாச்சி, அந்த எஸ்.டபிள்யூ.ஜி 42 கம்பி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

சாலைக் கம்போளம்

சின்ன டிரான்ஸ்பார்மர் பிரைமரிக்கு ஆகும். கொண்டுவாருங்கள், எடைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

தேங்காப்பட்டணம் பாஸ்

வாங்கின விலைக்கா?

சாலைக் கம்போளம்

ஸ்பூல் பிரிக்காததுதானே?

தேங்காப்பட்டணம் பாஸ்

3,000 சுற்று குறையும்.